முதலிரவில் வாங்கிய 89 பவுன்! 21 ஆண்டு கழித்து ரூ.25 லட்சம் கொடுக்க உத்தரவு

மதுரை–

தெற்காவணி மூல வீதியில் நகை எடுக்காமல் மதுரைப் பக்கம் கல்யாணம் நடப்பது அபூர்வம். அந்த நகை புருஷன் வீட்டில் இருக்கும்போதே விவாகரத்து ஆகிவிட்டால், திரும்பி வருமா?

கேரளப் பெண் ஒருவருக்கு 2003-ல் கல்யாணம். பிறந்த வீட்டில் போட்டது 89 பவுன். முதலிரவிலேயே கணவர், பத்திரமாக இருக்கட்டும் என்று நகைகளை வாங்கித் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அது பழைய கடனை அடைக்கப் போய்விட்டது என்பது பெண்ணின் புகார்.

2011-ல் ஆலப்புழை குடும்பநல கோர்ட்டில் பெண் ஜெயித்தார். 2022-ல் ஐகோர்ட்டு, நிரூபிக்கவில்லை என்று மாற்றிவிட்டது. (கட்டின புருஷனிடம் ரசீது வாங்கிக்கொண்டா நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள்?)

சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து, கஷ்டகாலத்தில் கணவன் எடுத்தாலும் திருப்பித் தரவேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட்டு. 24-4-2024 அன்று, 6 மாதத்தில் ரூ.25 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. அன்றைய விலைக்கு 89 பவுன் 40 லட்சத்தைத் தாண்டும்!

அமீனா எப்போது வருவார்?

தீர்ப்பு கைக்கு வந்ததும் பீரோவும் கட்டிலும் தானாக வந்துவிடாது. எதிராளி கொடுக்காவிட்டால், 12 ஆண்டுக்குள் நிறைவேற்று மனு போடவேண்டும். அப்புறம்தான் வாரண்டோடு அமீனா கிளம்புவார். பொருளைக் கைப்பற்றலாம், சொத்தை ஜப்தி செய்யலாம், சிவில் சிறைக்கும் அனுப்பலாம். ஆனால் தீர்ப்பில் இல்லாத குத்துவிளக்கை அமீனா தொடமாட்டார். சீர் சாமான் பட்டியல், நகைக்கடை பில், கல்யாண போட்டோ மூன்றையும் தாய்வீட்டில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு கணக்குப் பார்த்தது. எல்லாவகை சிவில் வழக்கும் சேர்த்து, நாடு முழுக்கத் தேங்கிக் கிடந்த நிறைவேற்று மனுக்கள் 8 லட்சத்து 82 ஆயிரம். தமிழ்நாட்டில் 86 ஆயிரம்.