கயிற்றின் மறுமுனை

கடந்த குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில், மொன்றியலுக்கு மேற்கே உறைந்து கிடந்த டூ மொன்தாஞ் ஏரியின் மீது நின்றேன். ஊரில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தமது பட்டவண்டியைக் காட்ட அழைத்திருந்தார். "சேர், பின்னுக்கு இருங்கோ. நான் இழுத்துக்கொண்டு போறன்" என்றார்.

பட்டவண்டியை அறியாதார்க்குச் சிறு விளக்கம். மூன்று சில்லுகள் பூட்டிய, தரையோடு தாழ்ந்த இருக்கை அது. ஓட்டுபவர் கால்களால் முன்சில்லைத் திருப்புவார். கைகளால் பெரும் பட்டமொன்றின் கயிறுகளைப் பற்றியிருப்பார். காற்றே அதன் குதிரை. பனிக்கட்டியில் ஓட்டுவதாயின் சில்லுகளுக்குப் பதிலாகச் சறுக்குக் கட்டைகள் பூட்டப்படும். இன்றைய வடிவத்தை 1990ஆம் ஆண்டளவில் பரப்பியவர் நியூசிலாந்தின் பீற்றர் லின். ஆயினும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகர ஆசிரியர் ஜோர்ஜ் போகொக், பட்டம் இழுக்கும் வண்டிக்கு 1826இல் காப்புரிமை பெற்றார். தம் மகள் மார்த்தாவைச் சிறுமியாக இருக்கையிலேயே நாற்காலியில் இருத்திப் பட்டத்தால் உயர்த்தியவரும் அவரே. அச்சிறுமியே பின்னாளில் கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேசின் தாயானார்.

எனது பயணம் அத்தனை சிறப்பாக அமையவில்லை. மாணவரின் வண்டிக்குப் பின்னே இன்னொரு வண்டியை நைலோன் கயிற்றால் கட்டி என்னை இருத்தினார். விர்ரென்று சென்றோம். ஆனால் அவர் பட்டத்தைத் தலைக்கு மேலே கொணர்ந்து வேகத்தைக் குறைத்ததும் கயிறு தளர்ந்தது. எனது வண்டியோ நிற்கவில்லை. பனிக்கட்டியில் வழுக்கிச் சென்று அவரது முதுகில் மோதினேன். இருவருக்கும் சிறு காயம்.

காரணம் எளிது. கயிறு இழுக்கும், தடுக்காது. பின்வண்டிக்குத் தடுப்பும் கிடையாது. திருப்பத்தில் அது வெளிப்புறமாக வீசப்படும். இருவரை இழுக்கப் பெரிய பட்டம் வேண்டும். பின்வண்டி கழன்றுவிட்டாலோ, அந்தப் பெரும் பட்டம் ஒருவரை மட்டுமே இழுக்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறக்கலாகாது.

கனடாவிலேயே இதற்கொரு பழைய பாடம் உண்டு. தொலைபேசியை ஆக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல், 1907 டிசம்பர் 6ஆம் நாள், நோவா ஸ்கோஷியாவின் பிராடோர் ஏரியில் 'சிக்னெட்' என்னும் பெரும் பட்டத்தை நீராவிக் கப்பலொன்றால் இழுப்பித்தார். அதனுள் படுத்திருந்தவர் அமெரிக்கப் படை அதிகாரி தோமஸ் செல்பிரிட்ஜ். 168 அடி உயரத்தில் ஏழு நிமிடங்கள் பறந்தார். பட்டம் மெல்ல நீரில் இறங்கியபோது, கப்பலில் இருந்தோர் கயிற்றை உரிய கணத்தில் வெட்டவில்லை. பட்டம் நீரில் இழுபட்டுச் சிதைந்தது. அவர் தப்பினார். மறு ஆண்டு செப்டெம்பரில் ஓர்வில் ரைற் ஓட்டிய விமானம் விழுந்தபோது, பயணியாக இருந்த அதே செல்பிரிட்ஜ் உயிரிழந்தார். இயந்திர விமான விபத்தில் மாண்ட முதல் மனிதர் அவரே.

நம் மண்ணிலும் கண்டோம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி நடப்பதை அறிவீர்கள். அதே வடமராட்சியில், 2021 டிசம்பரில், பலர் சேர்ந்து ஏற்றிய பெரும் பட்டத்தின் கயிற்றை ஏனையோர் விட்டுவிட, பிடித்திருந்த இளைஞர் ஒருவர் 30 அடிக்கும் மேலாக வானில் தூக்கப்பட்டார். நல்வாய்ப்பாக உயிர் தப்பினார்.

இந்நிகழ்வுகளில் கேள்வி ஒன்றே: கயிற்றை விடுவிப்பவர் யார்? பிறர் இழுப்பில் செல்பவன், அவரது திறமையை மட்டுமன்றி, தன்னை விடுவிக்கும் வழியையும் ஏறுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறர் ஓட்டிய வாகனங்களில் வழி அறியாமல் ஏறியே இந்நாடு வந்து சேர்ந்தோர் நம்மில் பலர். அன்று கேட்க வாய்ப்பிருக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இன்று அந்த வாய்ப்பு உண்டு.

அடுத்த ஞாயிறும் சென்றேன். கயிற்றுக்குப் பதில் உறுதியான உலோகத் தண்டு. அதைக் கழற்றும் ஆணி. ஆணியில் ஒரு சிறு நாடா. இருவருக்கும் தலைக்கவசம். பனிக்கட்டியைத் துளையிட்டு அளந்தோம். ஒருவர் நடக்க 15 சென்ரிமீற்றரும் பலர் கூட 20 சென்ரிமீற்றரும் வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. எமது இடத்தில் அதற்கு மேலும் இருந்தது.

மாணவர் நாடாவின் நுனியை என் கையில் தந்தார். "சேர், பயமெண்டால் இதை இழுங்கோ."

அன்று அதை இழுக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை.