பூங்காவும் பொதுமக்களும்: நகர்ப்புற இயற்கை பற்றிய சில குறிப்புகள்

இயற்கை யாவர்க்கும் பொது என்னும் கூற்று பொதுவாக மறுக்கப்படுவதில்லை. ஆயின் நகரத்திலே இயற்கை, நிலம் என்ற வடிவிலேயே காணப்படுகின்றது. நிலத்துக்கு விலை உண்டு, உடைமையாளரும் உளர். எனவே நகரவாசிக்கு மரநிழலும் திறந்த வெளியும் கிட்டுமா என்பது அழகியல் வினா மட்டுமன்று. சமூக உறவுகள் பற்றிய வினாவுமாகும்.

பொதுப் பூங்கா தோன்றிய வரலாறே இதனைப் புலப்படுத்தும். இங்கிலாந்திலே கைத்தொழில் நகரங்கள் பெருகிய காலத்தில், 1847ஆம் ஆண்டு பேர்க்கன்ஹெட் பூங்கா திறக்கப்பட்டது. பொதுநிதியில் அமைந்த ஆரம்பகாலப் பூங்காக்களுள் அது தலையாயது. அனுமதிக் கட்டணம் இல்லை. ஆயினும் பூங்காவைச் சூழ்ந்த காணிகளை வசதிபடைத்தோரின் வீடுகளுக்கு விற்று, அவ்வருவாயால் செலவை ஈடுசெய்வதே திட்டமாயிருந்தது. பூங்கா அயல்நிலத்தின் விலையை உயர்த்துகின்றது. உயர்ந்த விலை வறியோரை அயலிலிருந்து அகற்றுகின்றது. வாயில் திறந்திருந்தாலும் தூரமே வேலியாகிவிடுகின்றது.

கொழும்பிலும் இவ்வுண்மையைக் காணலாம். விகாரமகாதேவி பூங்கா, சுதந்திரச் சதுக்கம், பழைய குதிரைப் பந்தயத் திடல் ஆகியன செல்வர் வாழும் கறுவாத்தோட்டப் பகுதியிலேயே அமைந்துள்ளன. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் முதலிய வடபகுதிகளில் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்வோர், பஸ் கட்டணம் செலுத்தியே அவற்றை அடைதல் வேண்டும்.

காலிமுகத்திடலின் வரலாறு இவ்விடத்து மனங்கொளத்தக்கது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் நிறைவுசெய்த கடலோர நடைபாதையை, கொழும்பின் சீமாட்டிகளினதும் சிறுவர்களினதும் நலன்கருதிப் பேணுமாறு அங்குள்ள கல்வெட்டு அவருக்குப் பின்வருவோரை வேண்டுகின்றது. துறைமுகத் தொழிலாளியின் மனைவி அச்சீமாட்டிகளுள் அடங்கினாள் எனக் கொள்வதற்கில்லை. ஆனால் காலப்போக்கில் மக்கள் அத்திடலைத் தமதாக்கிக்கொண்டனர். பட்டம் விடும் சிறுவரும் இறால்வடை விற்போரும் அங்கு இடம்பெற்றனர். 1956 யூன் 5ஆந் திகதி தனிச்சிங்களச் சட்டத்துக்கெதிரான சத்தியாக்கிரகம் அங்குதான் நிகழ்ந்து, வன்முறைக்கு உள்ளாயிற்று. 2022இல் பொருளாதார நெருக்கடிக்கெதிரான மக்கள் எழுச்சியின் களமும் அதுவே. திறந்த வெளி ஓய்விடம் மட்டுமன்று. மக்கள் தம்மை மக்களாகக் காணும் இடமுமாகும்.

2018இல் கொழும்பு, ராம்சார் சமவாயத்தின்கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. இது வரவேற்கத்தக்கதே. ஈரநிலம் நிரப்பப்படின் வெள்ளம் முதலில் தாழ்நிலக் குடிசைகளுக்குள்ளேயே புகும். ஆயின் அழகுபடுத்தலின் பெயரால் அக்குடிசைவாசிகள் அகற்றப்படுவராயின், பாதுகாக்கப்பட்ட இயற்கை யாருக்குரியது என்ற வினா எழுகின்றது.

ஆகவே பூங்காக்களின் பரப்பைக் கணக்கிடுவதோடு நாம் அமைதியடைதல் தகாது. அவை உழைப்போரின் வீட்டிலிருந்து நடந்துசெல்லும் தூரத்தில் உள்ளனவா, கட்டணமின்றித் திறந்துள்ளனவா, அவற்றால் உயரும் நிலப்பெறுமதி யாரைச் சேருகின்றது, அங்கே செல்வதற்கு உழைப்போருக்கு ஓய்வுநேரம் உண்டா என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். இறுதி வினா தொழிற்சங்கத்துக்குரியது எனக் கூறி நகரத் திட்டமிடுவோர் அதனை ஒதுக்கிவிட முடியாது. ஓய்வில்லாதவனுக்குப் பூங்காவும் இல்லை.