வான்வழித் தூரமும் பயண நேரமும்

தீபகற்ப மலேசியாவின் வடமேற்கில் இரண்டு தீவுகளில் விமான நிலையங்கள் உள்ளன. ஒன்று கெடா மாநிலத்தின் லங்காவித் தீவில் உள்ளது. மற்றொன்று பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் உள்ளது. இவற்றுக்கு இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் இத்தூரத்தைப் 10 நிமிடத்தில் கடந்துவிட வேண்டும். ஆனால், விமான அட்டவணையோ ஏறத்தாழ 40 நிமிடம் என்கிறது. எஞ்சிய 30 நிமிடம் எங்கே போனது?

வான்வழித் தூரம் என்பது புவியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய தூரமாகும். விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. அது காற்றை எதிர்த்தே மேலெழும்பும். காற்றை எதிர்த்தே தரையிறங்கும். அதற்கேற்பச் சில வேளைகளில் சுற்றி வர நேரிடும். ஓடுபாதையில் வேறு விமானம் இருந்தால் வானில் காத்திருக்கவும் வேண்டும்.

மேலும், அட்டவணையில் காணப்படுவது பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறுமுனையில் நிறுத்தப்படும் வரையிலான நேரமாகும். தரையில் ஊர்ந்து செல்வதற்கும், உயரே ஏறுவதற்கும், வேகத்தைக் குறைத்து இறங்குவதற்கும் நேரம் தேவை. குறுகிய பயணத்தில் விமானம் முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்க வேண்டியதாகிவிடுகிறது. ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குக் கோலாலம்பூரிலிருந்து செல்ல நான்கு மணி நேரம் ஆகிறது. அங்கும் இத்தகைய நேரச் செலவு உண்டு. தூரம் நீண்டிருப்பதால் அது பெரிதாகத் தெரிவதில்லை.

இனி, பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் வாழும் குடும்பம் லங்காவியின் குவா நகருக்குச் செல்வதாகக் கொள்வோம். பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாசை அடைய ஒன்றேகால் மணி நேரம், விமான நிலையத்தில் முன்கூட்டியே காத்திருக்க இரண்டு மணி நேரம், விமானத்தில் 40 நிமிடம் எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். லங்காவி விமான நிலையத்திலிருந்து குவாவுக்கு மீண்டும் வாகனம் பிடிக்க வேண்டும். மாறாக, குவாலா கெடா படகுத் துறைக்குச் செல்ல ஒரு மணி நேரம், அங்குக் காத்திருக்க அரை மணி நேரம், பெர்ரியில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். மொத்தம் மூன்றேகால் மணி நேரத்தில் குடும்பம் குவாவில் கால் வைத்துவிடும். விமானம் வேகமானதுதான்; எனினும், இவர்களுக்குப் பெர்ரிப் பயணமே விரைவில் முடிகிறது. கடல் கொந்தளிக்கும் நாளில் இக்கணக்கு மாறக்கூடும்.

நேர்முகத் தேர்வுக்கோ மருத்துவச் சிகிச்சைக்கோ செல்பவர், "40 நிமிடப் பயணம்தானே" என்று எண்ணிப் புறப்பட்டால் உரிய நேரத்தில் போய்ச் சேர முடியாது. எனவே, பயணத்தைத் திட்டமிடும்போது வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்தின் வாசல் வரை ஆகும் நேரத்தைக் கணக்கிடுவதே அறிவுடைமையாகும்.