குழந்தைகளின் கண்ணில் சுண்ணாம்புக் காயம்

வெற்றிலையுடனும் புகையிலையுடனும் சேர்க்கப்படும் சுண்ணாம்பு (கால்சியம் ஐதராக்சைடு), இந்தியாவில் சிறுவர்களின் கண்ணில் ஏற்படும் வேதிக் காயங்களுக்கு முக்கியமான ஒரு காரணமாகும். சிறிய பிளாஸ்டிக் பொட்டலத்தைக் குழந்தை விளையாட்டாக அழுத்தும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிக்கிறது.

அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து ஓரளவு தடையாகிவிடும். காரமான சுண்ணாம்போ உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சிதைத்து உள்ளே ஊடுருவும். இமைக்கு அடியில் ஒட்டிய துகள்கள் தொடர்ந்து அரிக்கும். ஆகவே மருத்துவமனைக்குப் புறப்படும் முன்பே, வலியால் மூடிய இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரே போதும். சுண்ணாம்பை முறிக்க எலுமிச்சைச் சாறு விடுவது ஆபத்தானது.

புண் ஆறினாலும் கருவிழியில் தழும்பு தங்கினால், ஏறத்தாழ 8 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிக்கப் பழகி, 'சோம்பல் கண்' உண்டாகலாம்.