பழைய தூண்டில் கோலுக்கு அடுத்த வேலை

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையில் 1900ல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீட்டைப் படம் பிடிக்காமல் நகரும் பயணிகள் குறைவு. கதவுக்கு ஒரு நிறம், சன்னலுக்கு ஒரு நிறம் என்று அது கண்ணை இழுக்கிறது. அந்த வீடு எழுந்த காலத்தில் அக்கம்பக்கம் முழுக்க மாட்டுக் கொட்டகைகள். அவற்றோடு சேர்ந்து நடந்த இன்னொரு தொழில் பிரம்பு வணிகம். போர்னியோவிலும் சுலாவெசியிலும் காட்டில் வெட்டிய பிரம்பு கப்பலேறி சிங்கப்பூருக்கு வரும். தரம் பிரிக்கப்பட்டு இங்கிருந்து உலகத்துக்குப் போகும். இந்தோனேசியா 1979ல் பதப்படுத்தாத பிரம்பின் ஏற்றுமதியைத் தடுத்தது. 1988க்குள் பாதி பதப்படுத்திய பிரம்புக்கும் தடை வந்தது. வரத்து நின்றால் தொழில் எப்படி நிற்கும்? நாற்காலி பின்னிய கைகள் ஒவ்வொன்றாக வேறு பிழைப்புக்குப் போயின.

அந்தக் கைகளின் அருமை, வீட்டுச் சாமான் அறையில் கிடக்கும் பழைய மூங்கில் தூண்டில் கோல் ஒன்றை எடுத்து, அதன் உதிர்ந்த கைப்பிடியைப் பார்க்கும்போது தெரிகிறது.

ஆங்கிலேயர் காலத்து அதிகாரிகளும் தோட்டத் துரைகளும் கொண்டுவந்த கோல்கள் பிளந்த மூங்கிலால் ஆனவை. முழு மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு பட்டையையும் முக்கோணமாகச் சீவி, ஆறு பட்டைகளைச் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கோல் கிடைக்கும். மூங்கிலின் வலுவெல்லாம் தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, ஆறு பக்கமும் அந்த நாரே வெளியில் தெரியும்படி வைப்பதுதான் சூட்சுமம். கணுக்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் கோல் அங்கே ஒடியும் என்பதால், ஒரு பட்டையின் கணு பக்கத்துப் பட்டையின் கணுவுக்கு நேராக வராமல் தள்ளித் தள்ளி வைப்பார்கள். அடியில் விரல் தடிமன் இருக்கும் கோல் நுனியில் தீக்குச்சி அளவுக்கு மெலியும். பிளந்த மூங்கில் கோலை 1840களில் அமெரிக்காவின் ஈஸ்டன் நகரில் செய்து காட்டிய சாமுவேல் பிலிப்பி துப்பாக்கியும் வயலினும் செய்தவர். கோலைக் கையில் எடுத்து அசைத்துப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது.

மூங்கில் எங்கிருந்து போனது என்பது நமக்கு இன்னும் நெருக்கமான சேதி. தொடக்க காலக் கோல்களுக்கு இந்தியாவின் கல் மூங்கில்தான் போனது. கல்கத்தா துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் வணிகர்கள் அதைக் கல்கத்தா மூங்கில் என்றே அழைத்தார்கள். போலீஸ் லத்தியும் குதிரைப்படையின் ஈட்டித் தண்டும் அதே மூங்கில்தான். நெருப்பில் வாட்டிய கரும்புள்ளிகள் கோலில் இருந்தால் அது கல்கத்தா மூங்கிலாக இருக்க வாய்ப்புண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் குவாங்டோங் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. 1947ல் அமெரிக்காவின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் கண்ணாடி இழைக் கோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950 டிசம்பரில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை போட்டதும் மூங்கிலின் காலம் ஏறக்குறைய முடிந்தது. 1970களில் கார்பன் இழை வந்தது.

இப்படி ஒதுங்கிய கோல்கள் போய்ச் சேர சிங்கப்பூரில் ஓர் இடம் இருந்தது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், 1930களில் தொடங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. பழைய பொருளின் மதிப்பு தெரிந்தவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேரம் பேசிய இடம் அது. அது இல்லாமல் போனபிறகு, கோல் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் கையில் சிக்காவிட்டால் குப்பைக்குத்தான் போகிறது. சிங்கப்பூரில் எரிக்கக்கூடிய குப்பை எரியுலைக்குப் போய், சாம்பல் செமக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. ஒரு காலத்தில் மீனவக் கிராமம் இருந்த தீவு அது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்லும் அந்தக் கிடங்குக்கு ஒரு தூண்டில் கோலை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பழைய கோலை என்ன செய்யலாம் என்று கேட்டால் பலரும் உடனே சொல்வது அலங்காரம்: சுவரில் மாட்டு, திரைச்சீலைக் கம்பியாக்கு, விளக்குத் தண்டாக்கு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அத்தனை உழைப்பும் கோல் வளைந்து நிமிர வேண்டும் என்பதற்காகத்தான் போனது. அந்தத் துள்ளலுக்கு வேலை கொடுக்காத எந்த மாற்றமும் பாதி வீண். ஆகவே முதலில் அதை மீண்டும் மீன் பிடிக்க வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கைப்பிடிக்கு மேலே இருக்கும் எழுத்தைப் படியுங்கள். 1872ல் ஆன்விக் ஊரில் தொடங்கிய ஹார்டி, ரெடிச் நகரின் ஆல்காக், மில்வர்ட் போன்ற பெயர்கள் தெரிந்தால் ரம்பத்தைக் கீழே வைத்துவிடுங்கள். அவற்றைச் செப்பனிடலாம், வெட்டக்கூடாது.

பெயரில்லாத கோலாக இருந்தால் அடுத்தது சோதனை. விரல் நகத்தால் கோல் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும். பழைய கோல்களில் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல்பசை இருக்கும். ஆண்டு சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 80 விழுக்காடு இருக்கும் நம் ஊரில் அந்தப் பசைக்கு ஆயுள் குறைவு. ஊசி முனைத் துளையும் மாவுபோன்ற தூளும் தெரிந்தால் மூங்கில் உளுத்திருக்கிறது. அந்தத் துண்டை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். கோல் ஒரு பக்கமாக வளைந்து போயிருந்தால் மட்டும் கவலை வேண்டாம். பட்டு நூல் கட்டை அவிழ்த்து, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்டினால், மீன் இழுக்கும் பாரமே அந்த வளைவை நிமிர்த்தும்.

இனி வெட்டும் வேலை. மூன்று துண்டாகக் கழற்றும் நீளக் கோலில் பெரும்பாலும் ஒடிந்திருப்பது நுனித்துண்டு. துண்டுகளை இணைக்கும் உலோகப் பூணுக்குப் பக்கத்தில் ஒடிந்திருந்தால், பூணை மெல்லச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் அரக்கு இளகி அது கழன்று வரும். ஒடிந்த முனையைச் சீராக்கி மறுபடி பொருத்தலாம். நீளத்தைக் குறைப்பதாக இருந்தால் அடியில் குறையுங்கள், நுனியில் கைவைக்காதீர்கள். ஒரே தடிமனுள்ள 3 மீட்டர் கோலை 2 மீட்டராக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடிவிடும். நுனி மெலிந்து இருந்தால்தான் சிறிய மீனின் இழுப்பும் கைக்குத் தெரியும். இன்றைய சுழல் ரீலில் நரம்பு சுருள் சுருளாக வெளியேறும் என்பதால், ரீலுக்கு அடுத்த முதல் வளையத்தைப் பெரிதாக மாற்ற வேண்டும். பின்னல் நரம்பு வேண்டாம். அது சற்றும் நீளாது, மீனின் ஒவ்வொரு திடீர் இழுப்பும் நேரே ஒட்டில் போய் விழும். மெல்லிய நைலான் போதும்.

இப்படித் திருத்திய குட்டைக் கோல் நம் நீர்த்தேக்கங்களுக்குப் பொருத்தமானது. மெக்ரிட்சி, பிடோக், லோவர் சிலேத்தார் போன்ற நீர்த்தேக்கங்களில், பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்த இடங்களில் மட்டும் தூண்டில் போடலாம். செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி. சிறிய செயற்கை இரையை மெதுவாக வீசுவதில் மூங்கிலுக்கு நிகர் மூங்கில்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பெருகிவிட்ட பீகாக் பாஸ் மீனில் சிறியவற்றைத் தாராளமாகச் சமாளிக்கும். விரால் இனத்துப் பெரிய தோமான் மாட்டினால் கோல் தாங்காது. அது இருக்கும் பக்கம் போகாதீர்கள்.

மீன்பிடிக்க உதவாத துண்டுகளை என்ன செய்வது? தடித்த கடற்கோலின் அடித்துண்டு, ரப்பர் குல்லா மாட்டினால், புக்கிட் தீமா மலைப்பாதைக்கு நல்ல ஊன்றுகோல். ஆனால் நடக்கத் தடுமாறும் பெரியவருக்கு இதைக் கொடுக்காதீர்கள். அது முழு உடல் பாரம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. சிலம்பத்துக்கும் ஆகாது: கம்போடு கம்பு மோதும்போது ஒட்டு பிரிந்து சிலாம்பு பறக்கும். அதற்கு முழுப் பிரம்புதான் சரி. நடுத்துண்டு வலைக் கரண்டிக்குக் காம்பாகும். பூண் இருப்பதால் வேண்டும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகக் கைப்பிடி. தக்கை உதிர்ந்துபோன கோலுக்குப் புதுத் தக்கை வாங்குவதைவிடப் பழைய முறை ஒன்று இருக்கிறது. கல்கத்தா மூங்கில் காலத்துக் கோல்கள் சிலவற்றில் பிரம்புப் பட்டையைச் சுற்றியே கைப்பிடி அமைத்தார்கள். வியர்வையிலும் வழுக்காது. நாற்காலி இருக்கை பின்னும் அதே பட்டைதான். நனைத்து இளக்கி, நெருக்கமாகச் சுற்றி, முனையை உள்ளே செருகி இழுக்க வேண்டும். இந்தத் தீவில் பிரம்பு நாற்காலி செப்பனிடும் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கோலை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். நாற்காலிக்குத் தரும் கூலியைக் கைப்பிடிக்கும் கொடுங்கள். சுற்றும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.