பயப்பட வேண்டியது ஏறுவதற்கு முன்பு

சாரல் தொடங்கிவிட்டால் சங்கரன்கோவிலில் பாதி ஊர் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடும். அருவியில் குளித்து முடித்தவர்களில் கொஞ்சம் பேர் செங்கோட்டை கணவாயைத் தாண்டி, ஆரியங்காவுக்கு அப்பால் தென்மலைக்கும் போவார்கள். கொல்லம் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்தால் சங்கரன்கோவிலிலிருந்து வண்டி மாறாமலே போய்விடலாம். இந்தியாவில் முதன்முதலாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட சூழல் சுற்றுலாத் தலம் என்று கேரளம் சொல்லிக்கொள்ளும் இடம் அது. அங்குள்ள சாகசப் பகுதியில் மரக்கிளைகளின் உயரத்தில் நடைபாதை உண்டு, பாறையேற்றம் உண்டு, கயிற்றில் தொங்கிப் பள்ளத்தைக் கடப்பதும் உண்டு. மரத்துக்கு மரம் கம்பிவடம் இழுத்துக் கட்டி, நடுவில் ஆடும் பலகையும் வலையும் கயிற்றேணியும் தொங்கவிட்டு, பட்டையும் கொக்கியுமாகப் பிள்ளைகளை நடக்கவிடும் கயிற்றுப் பாதைகள் மலைப்பகுதி ரிசார்ட்டுகளிலும் கோடை முகாம்களிலும் பெருகி வருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் கால் பரபரக்கும். கூட வந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அடிவயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தை மறைக்க வேண்டியதும் இல்லை, அதைக் கண்டு வெட்கப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் அதை எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். டிக்கெட் வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பிள்ளை பாதி வடத்தில் நிற்கும்போது கீழேயிருந்து கத்துகிறார்கள். பிள்ளையின் உடலுக்கும் மனதுக்கும் நல்லது இதன் நேர் எதிர்.

முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பிள்ளை

1960-ல் எலனோர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு மேசைச் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பாதிவரை கட்டம் போட்ட பலகை. மறுபாதியில் கண்ணாடி, அதற்குக் கீழே பள்ளம். தவழும் குழந்தைகளில் பெரும்பாலானவை கண்ணாடிப் பக்கம் போக மறுத்தன. உயரத்தை அஞ்சுவது அவ்வளவு சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. 1985-ல் ஜேம்ஸ் சோர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதே மேசையை வேறு விதமாகப் பயன்படுத்தியது. பள்ளத்தின் ஆழத்தைச் சுமார் 30 சென்டிமீட்டராகக் குறைத்தார்கள். போகலாமா வேண்டாமா என்று குழந்தை தடுமாறக்கூடிய ஆழம் அது. மறுமுனையில் அம்மா நின்றாள். அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது, ஒரு வயதுக் குழந்தைகள் 19 பேரில் 14 பேர் கடந்து போனார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது, 17 பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. அம்மா வாயைத் திறக்கவே இல்லை, முகம் மட்டும்தான் பேசியது.

அது ஒரு வயதுக் குழந்தை, பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வளர்ந்த பிள்ளை தெரிந்த இடத்தில் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, தெருவில் சைக்கிள் ஓட்டும்போது திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் முதன்முறையாக முப்பது அடி உயரத்தில், ஆடுகிற பலகையில் நிற்கும்போது அதற்கும் முன் அனுபவம் எதுவும் இல்லை. நம்பகமான ஒரு முகத்தைத்தான் தேடும். பயம் மூன்று வழிகளில் வருகிறது என்று 1977-ல் ஸ்டான்லி ராக்மன் வகுத்துக் காட்டினார்: தானே அடிபட்டு, பிறர் பயப்படுவதைப் பார்த்து, பயமுறுத்தும் சொல்லைக் கேட்டு. கீழே நின்று “ஏல, பாத்துல! விழுந்துராத!” என்று கத்தும் அப்பா பின்னிரண்டு வழிகளையும் ஒரே மூச்சில் திறந்துவிடுகிறார். இதில் பிள்ளைக்கு உதவும் தகவல் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். எந்தக் காலை எங்கே வைப்பது என்று அதில் இல்லை. விழலாம் என்ற செய்தி மட்டும் இருக்கிறது, அது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும்.

தொடை நடுங்குவது கோழைத்தனம் அல்ல

தரையில் நிற்கும்போது உடம்பு இலேசாக ஆடிக்கொண்டே இருக்கும், நாம் உணர்வதில்லை. அருகிலுள்ள சுவரும் மரமும் கண்ணில் நகர்வதைக் கொண்டு மூளை அந்த ஆட்டத்தைத் திருத்திக்கொள்கிறது. உயரத்துக்குப் போனால் அருகில் எதுவும் இல்லை. தொலைவில் இருப்பது கண்ணில் நகர்வது குறைவு என்பதால் ஆட்டம் கூடுகிறது, உட்காதும் பாதமும் சொல்வதோடு கண் சொல்வது ஒத்துப்போவதில்லை. தலை சுற்றுவதும் தொடை நடுங்குவதும் இதனால்தான். ஜெர்மனியில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த உயர ஒவ்வாமை இருந்தது. பலருக்கு அது தானாகவே குறையவும் செய்கிறது. ஆகவே நடுங்கும் பிள்ளையிடம் “பயப்படாதே” என்பதில் பயனில்லை. எதிரே இருக்கும் மரத்தின் தண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு உடலியலிலேயே காரணம் இருக்கிறது.

விழுந்தவர்களுக்குப் பயம் குறைவு

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைப் பிறந்தது முதல் இன்றுவரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து வருகிறார்கள். 5 முதல் 9 வயதுக்குள் விழுந்து அடிபட்டவர்கள் பிற்காலத்தில் உயரத்தைக் கண்டு அஞ்சுவார்களா என்று அதில் பார்த்தார்கள். 1998-ல் வெளியான முடிவு எதிர்பார்த்ததற்குத் தலைகீழாக இருந்தது. 18 வயதில் உயரத்துக்கு அஞ்சாதவர்களிடையேதான் சிறுவயதில் விழுந்து அடிபட்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள்.

துணிச்சலான பிள்ளை நிறைய ஏறும், நிறைய விழும், பெரியவனான பிறகும் துணிச்சலாகவே இருக்கும்; விழுந்ததா பயத்தைப் போக்கியது என்று ஒருவர் மடக்கலாம். மடக்கு சரிதான், ஒரே ஆய்வை வைத்து விழுவதற்குச் சிபாரிசு செய்ய யாரும் துணிய வேண்டாம். ஆனால் “ஒருதரம் விழுந்தா காலத்துக்கும் பயந்துக்கிடும்” என்ற நம்பிக்கை இதில் அடிபட்டுப் போகிறது. உயரப் பயம் பிறவியிலேயே வருவது, பழகப் பழகக் குறைவது, பழக வாய்ப்பில்லாதவர்களிடம் தங்கிவிடுவது என்பதே ஆய்வாளர்கள் இதிலிருந்து எடுத்த பொருள். நார்வேயின் எலன் சாண்ட்செட்டர், உயரம் ஏறுதல், வேகம், கூரிய கருவி போன்ற ஆபத்து கலந்த விளையாட்டுகளை 2007-ல் ஆறு வகையாகப் பிரித்தவர். இத்தகைய விளையாட்டு, பயத்தைச் சிறிய அளவுகளில் பிள்ளை தானே எடுத்துக்கொள்ளும் மருந்து என்ற பொருளில் அவரும் 2011-ல் வாதிட்டார். கனடாவின் மரியானா புருசோனி குழு 2015-ல் கிடைத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெளிப்புறத்தில் ஆபத்து கலந்து விளையாடும் பிள்ளைகளுக்கு உடலியக்கம் கூடுவதாகவும், மொத்தத்தில் கேட்டைவிட நன்மையே மிஞ்சுவதாகவும் கண்டது. 5 முதல் 17 வயதுவரை நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் இயக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 2016 நிலவரப்படி உலகின் 11–17 வயதினரில் 81 சதவீதத்தினர் அதை எட்டவில்லை. மரமேறுவதால் வரும் கேட்டைப் பேசுகிற நாம், ஏறாமல் உட்கார்ந்திருப்பதால் வரும் கேட்டை அதே தராசில் வைப்பதில்லை.

இங்கே மரத்திலிருந்து விழுந்து செத்தவர்கள் இல்லையா?

உண்டு. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பனையேறிப் பிழைத்தவர்களின் வீடுகளிலும், புளி உலுக்க ஏறியவர்களின் வீடுகளிலும் இந்தக் கேள்விக்குச் சோகமான பதில்கள் இருக்கும். இந்தியாவில் முதுகுத்தண்டுவடக் காயங்களுக்கு உயரத்திலிருந்து விழுவது முக்கியக் காரணம் என்று எலும்பு மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். ஆனால் அந்தப் பனையேறிகள் எப்படி ஏறினார்கள்? தளைக்கயிறும் கையும்தான் துணை. கை நழுவினால் தரை. கயிற்றுப் பாதையில் நழுவும் பிள்ளை ஓரிரு அடி சரிந்து பட்டையில் தொங்கும். உயரம் ஒன்றாக இருக்கலாம், விழும் தூரம் ஒன்றல்ல. அங்கே வழக்கமாக நேர்வது சிராய்ப்பு, கயிறு உரசிய எரிச்சல், மணிக்கட்டுச் சுளுக்கு.

பயத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்குத் தென்மலை வரை போகவும் வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் பிள்ளை பட்டம் விடுகிறான், யாருக்கும் அடிவயிறு கலங்குவதில்லை. நம் நாட்டில் பிள்ளைகள் விழுந்து மருத்துவமனைக்கு வருவதில் மாடிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே பைக்கில் முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று குற்றாலம் போகிறவர் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு ஓட்டுகிறார். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் போட வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற மத்திய விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் பட்டையைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? சாலையில் கட்டாத பட்டையை மரத்தின் மேல் கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் நமக்கு வேர்க்கிறது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. கருவியை நம்பச் சொல்கிறீர்களே, கருவி அறுந்தால்? 2025 ஜூனில் மணாலியில் ஜிப்லைனில் போன நாக்பூர் சிறுமி பாதியில் பிடிப்பு அறுந்து விழுந்து பலத்த காயமடைந்தாள். அந்தக் காட்சி செல்போன் செல்போனாகச் சுற்றியது. இதற்குச் சமாதானம் சொல்லி நகர முடியாது. பெற்றோரின் பயத்துக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான்.

கொக்கியும் பட்டையும்

கயிற்றுப் பாதையில் மிக ஆபத்தான நொடி, பார்க்கப் பயமாக இருக்கும் நடு வடத்தில் இல்லை. மரத்தடி மேடையில், நின்று இளைப்பாறும் இடத்தில் இருக்கிறது. பழைய முறையில் பிள்ளையின் பட்டையில் இரண்டு வார்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. ஒரு வடத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது முதலில் ஒன்றைக் கழற்றி மாட்டி, பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் இரண்டையும் கழற்றிவிட்டால் அந்த நேரத்தில் பிள்ளையைப் பிடிக்க எதுவும் இல்லை. இதற்காகவே, ஒரு கொக்கி பூட்டினால்தான் மற்றது திறக்கும் ஏற்பாடு வந்தது. தொடக்கத்தில் மாட்டிய கொக்கியைக் கடைசி மரம்வரை கழற்றவே முடியாத தொடர்வட ஏற்பாடும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இவ்விரண்டில் ஒன்று இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பழைய இரட்டைக் கொக்கிதான் என்றால், ஒவ்வொரு மேடையிலும் பெரியவர் ஒருவர் நின்று மாட்டிவிடுகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

பட்டையைக் கையால் தொட்டுப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் இடுப்பைத் தாண்டி இறங்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு இன்னும் விரியவில்லை, தலை பாரம், அதனால் தலைகீழாகக் கவிழ்ந்தால் நழுவிவிடலாம். அவர்களுக்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவுடல் பட்டைதான் சரி. ஹெல்மெட்டின் தாடைவார் மாட்டியிருக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று சில எச்சரிக்கைகளும் உண்டு. துப்பட்டாவைக் கழற்றிவிட வேண்டும். கழுத்துச் சங்கிலி, கொலுசு, வளையல் வேண்டாம். நீளப் பின்னலைச் சுற்றிக் கொண்டையாக்கி ஹெல்மெட்டுக்குள் அடக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பியில் சிக்கும். செருப்பு கூடாது, குதிகாலை மூடும் ஷூ வேண்டும். பெண்பிள்ளை பாவாடையில் வந்திருக்கிறாள் என்பதற்காக அவளைக் கீழே உட்காரவைத்துத் தம்பியை மட்டும் ஏற்றிவிடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். முதல் நாளே ஒரு பேன்ட் எடுத்து வைத்திருந்தால் தீர்ந்தது.

அடுத்து, நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியவை. தரைக்கு அருகே பயிற்சி வடம் இருக்கிறதா, அதில் கொக்கி மாற்றிக் காட்டிய பிறகுதான் மேலே விடுகிறார்களா? வடமும் பிடிப்பான்களும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன? ஐரோப்பாவின் ஈஎன் 15567 தர நெறி, தினசரிச் சோதனையோடு ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் சோதனையும் கேட்கிறது. நம் மத்திய சுற்றுலா அமைச்சகமும் 2018-ல் சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, ஆனால் அது வழிகாட்டல்தான், சட்டத்தின் பல் அதற்கு இல்லை. ஆகவே கேட்பது நம் பொறுப்பு. பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில், அல்லது “ஒண்ணும் ஆகாதுங்க” என்று மட்டும் சொல்கிற இடத்தில், உங்கள் பயத்தை நம்புங்கள்.

காலமும் நேரமும் பார்க்க வேண்டும். சாரல் நாட்களில் பலகை வழுக்கும். ஐப்பசி மதியங்களில் இடி வரும், கம்பிவடத்தில் பிள்ளை நிற்கும் நேரமல்ல அது. செங்கோட்டையில் பார்டர் புரோட்டாவும் கோழியும் சாப்பிட்ட கையோடு ஏறினால் பாதி வழியில் வாந்தி வரும், இறங்கி வந்து சாப்பிடுவதே உத்தமம்.

ஏறிய பிறகு வாய்க்கு ஓய்வு

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது என்றால் பெற்றோரின் வேலை பெரும்பாலும் முடிந்தது. பேசத்தான் வேண்டும் என்றால் குறிப்பாகப் பேசுங்கள்: “வலது காலை அடுத்த பலகையில வை”, “தலைக்கு மேல வடத்தைப் பிடி”. பாதியில் நின்றுவிட்டால் நிற்கட்டும், இரண்டு நிமிடத்தில் பலர் தாமாகவே நகர்வார்கள். நகர முடியாமல் அழுதால் உற்சாகப்படுத்துவதாக நினைத்து வற்புறுத்தக் கூடாது, கேலி அறவே கூடாது. பயிற்சியாளரைக் கூப்பிட்டு இறக்கிவிடுங்கள். பட்டையில் அசையாமல் வெகுநேரம் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம் என்பதால் இதில் தாமதமும் ஆகாது. வலிப்பு, இதயக் கோளாறு, கட்டுக்குள் வராத ஆஸ்துமா, சமீபத்திய எலும்பு முறிவு உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. பெற்றோருக்கே உயரம் ஒத்துக்கொள்ளாது என்றால், மேலே பார்க்க முடியாமல் முகம் வெளிறி நிற்பதைவிட, சித்தப்பாவையோ அத்தையையோ அந்த இடத்தில் நிறுத்திவிட்டு டீக்கடைப் பக்கம் போவது பிள்ளைக்குச் செய்யும் உதவி.

காசு கட்டி மரமேற வேண்டுமா, நம் ஊரில் வேம்பும் பூவரசும் இல்லையா என்று கேட்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. வருஷத்துக்கு ஒருநாள் வடத்தில் நடப்பதைவிட வாரம் மூன்று நாள் பூவரசில் ஏறுவதே உடம்புக்கு அதிகம் கொடுக்கும். பிள்ளை தானாக ஏறிய உயரம் வரை விடுங்கள், தூக்கி ஏற்றிவிடாதீர்கள். தானாக ஏறியவன் பெரும்பாலும் தானாக இறங்கவும் தெரிந்தவன். அடியில் கல், கம்பி கிடந்தால் முன்கூட்டியே பொறுக்கிவிடுங்கள், பட்ட கிளையை ஒடித்துவிடுங்கள், மின்கம்பி அருகே செல்லும் மரத்தைக் காட்டி இது கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், முருங்கை முறியும் மரம் என்பதையும் சேர்த்து.