முதல் இடம் யாருக்கு?

"ஆண்டவருக்கே முதலிடம்" என்று சொல்லாத கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. வாசல் நிலையில் சிலுவை இருக்கும்; கூடத்துச் சுவரில் வேத வசனம் தொங்கும்; புதிதாக வண்டி வாங்கினால் அதன் நெற்றியிலும் ஒரு வசனம் ஏறிவிடும். எழுதி வைப்பது எளிது. ஆனால் பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் நூறு வேலைகள் வந்து நெருக்குகின்றனவே, அவற்றின் நடுவே அந்த முதலிடத்தைக் காப்பாற்றுவது எப்படி? கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

தருமபுரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 1930-ல் அமைந்த சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து, 1997-ல் தருமபுரி தனி மறைமாவட்டமாயிற்று. அதற்கு வெகு காலம் முன்பே இப்பகுதிக் கிராமங்களில் கோவில் மணி ஒலித்து வந்திருக்கிறது. மணி ஒலிக்கும் ஊர்களில் பெரும்பாலானவை வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, மாம்பழம், புளி, பாலக்கோட்டுத் தக்காளி, பட்டுக்கூடு ஆகியவைதாம் இங்கே சோறு போடுகின்றன.

பட்டுப்புழுவையே எடுத்துக்கொள்வோம். அதற்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. கடைசித் தோலை உரித்த பிறகு, கூடு கட்டும் வரையில், அது இரவு பகலாக மல்பெரி இலையைத் தின்றுகொண்டே இருக்கும். வேளை தவறினால் கூடு சிறுத்துவிடும். அங்காடியில் விலை இறங்கிவிடும். பழுத்த தக்காளியும் பூசை முடியும்வரை காத்திருப்பதில்லை. பிழைப்புக்காகப் பெங்களூர் சென்றவர்களுக்கோ, கோவிலா, அன்றையக் கூலியா என்ற தராசு வாராவாரம் ஆடுகிறது. இவர்களிடம் போய், "கடவுளுக்கு முதலிடம் கொடு" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்?

இதற்கு விடை தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் ரயில், தருமபுரி மாவட்டத்துப் பொம்மிடியையும் மொரப்பூரையும் கடந்து திருப்பத்தூரைச் சேருகிறது. அந்நாளில் வட ஆற்காடு ஜில்லாவில் இருந்து, 2019-ல் தனி மாவட்டத் தலைநகராகிவிட்ட ஊர் அது. அங்கே 1921-ல் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து ஓர் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கிறிஸ்துகுல ஆசிரமம் என்பது அதன் பெயர்.

பெரியண்ணனும் சின்னண்ணனும்

ஒருவர் தமிழர், டாக்டர் யேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். கம்பளி நூல் ஆலைகளால் செல்வம் திரட்டிய குடும்பத்துப் பிள்ளை இவர். சீமையில் வைத்தியம் படித்த இருவரும் நினைத்திருந்தால், பெரிய நகரத்தில் பேரும் பணமும் குவித்திருக்கலாம். அதை விட்டுவிட்டுத் திருப்பத்தூர் மண்ணில் வந்து அமர்ந்தார்கள். கதர் உடுத்தினார்கள், மரக்கறி உண்டார்கள், சம்பளம் என்று எதையும் பெற்றுக்கொள்ளவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஊரார் இவர்களை டாக்டர் துரைகள் என்று அழைக்கவில்லை. யேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன்!

இந்தப் பெயர்களில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. வெள்ளையர் ஆண்ட காலம் அது. மிஷன் பங்களாக்களில்கூட வெள்ளையர் வரிசை வேறு, இந்தியர் வரிசை வேறு என்றிருந்த நாட்கள். அப்பொழுது ஒரு வெள்ளையர், தமிழர் ஒருவருக்குத் தம்பியாக இருந்து, ஒரே உணவை உண்டு, ஒரே வாழ்க்கையை வாழ்ந்தார் என்றால் அது சாதாரணமா? ஆண்டவரை முதலில் வைத்தபொழுது, நிறமும் நாடும் தாமாகவே பின்வரிசைக்குப் போய்விட்டன.

ஆசிரமத்தின் நடுவே, திராவிடக் கோவிற்கலை முறையில் ஜெபாலயம் எழுந்தது. அங்கே ஜெபம், ஆஸ்பத்திரியில் நோயாளிகள். ஒன்று கடவுளுக்கு, மற்றொன்று மனிதருக்கு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. ஜெபத்தில் முதலிடம் பெற்றவர், புண்ணுக்குக் கட்டுப் போடும்போதும் முதலிடத்திலேயே இருந்தார்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 1932-ல், சட்ட மறுப்பு இயக்கம் நடந்துகொண்டிருந்த சமயம், சென்னையில் ஜவுளிக்கடை மறியல் நடந்த இடத்தில், கதர் அணிந்து நின்ற பேட்டன் போலீசாரின் தடியடிக்கு ஆளானார். செய்தி பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரை எட்டியது. தம் இனத்தவரின் ஆட்சியிலேயே அடிபட வேண்டியதாயிற்று அவருக்கு. ஆயினும் கதரையும் விடவில்லை, ஆசிரமத்தையும் விடவில்லை.

இல்லறத்தாருக்கு என்ன வழி?

"அவர்கள் மனைவி மக்கள் இல்லாதவர்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் இருக்கிறது, கடன் தவணை இருக்கிறது" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எல்லோரும் ஆசிரமவாசிகள் ஆகிவிட முடியாது, ஆகவேண்டுமென்றும் இல்லை.

முதலில் கடவுளின் அரசைத் தேடச் சொன்ன இயேசு, அதைத் துறவிகளுக்கு மட்டும் சொல்லவில்லை. எதை உண்போம், எதை உடுப்போம் என்று கவலைப்பட்ட ஏழைக் குடியானவர்களும் மீனவர்களும் கேட்க அதைச் சொன்னார். ஓய்வு நாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்காமல் இருப்பீர்களா என்று கேட்டவரும் அவரே. ஆகவே ஞாயிறன்று புழுவுக்கு இலை போடுபவர் கடவுளைக் கீழே தள்ளிவிட்டார் என்று சொல்ல முடியாது. அதிகாலை எழுந்து இலை போட்டுவிட்டுக் கோவிலுக்கு ஓடுகிறாரே, அந்த ஓட்டமே ஒரு காணிக்கை அன்றோ!

ஆனால் தேவைக்கும் ஆசைக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. வயிற்றுக்காக ஒரு ஞாயிறு கூலிக்குப் போவது வேறு. இருப்பது போதாதென்று எல்லா ஞாயிறுகளையும் விற்றுவிடுவது வேறு. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்ல முடியாது. அவரவர் மனச்சாட்சிக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. முதலிடத்தில் கடவுள் இருக்கிறாரா என்பதை அறிய, இரண்டாம் இடத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்தால் போதும். கூலியாள் பொழுது சாய்வதற்குள் தம் கூலியைப் பெற்றுவிட்டாரா? மண்டியில் தராசு நேராக நிற்கிறதா? பக்கத்தில் அமர்ந்து ஜெபிப்பவரின் சாதியைக் கேட்காமல் இருக்க முடிகிறதா? தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்ட கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. அங்கே நாள் தவறாமல் ஜெபமும் நடக்கத்தான் செய்தது. ஆனால் முதலிடத்தில் இருந்தது ஆண்டவரா, சாதியா?

நாளில் எத்தனை மணி நேரம் ஜெபம் என்பது இரண்டாவது கணக்கு. காலையில் கைகூப்பிய பெயரை மாலைவரை மறக்காமல், பணப்பையைத் திறக்கும்போதும், பிறரிடம் பேசும்போதும், பந்தியில் அமரும்போதும் நினைப்பதே முதற் கணக்கு. திருப்பத்தூர் அண்ணன்மார் இருவரும் வாழ்ந்து காட்டியது இதைத்தான். அதற்குக் காவியுடை தேவையில்லை. தருமபுரிச் சந்தையில் தக்காளிக் கூடையோடு நிற்பவருக்கும் அது கைகூடும்.